திருமணத்துக்கு வெளிர் நிற உடை: விருந்தினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரில் ஒரே மாதத்தில் கோயில் மண்டபத்தில் ஒரு தாலி கட்டு, தேவாலயத்தில் ஒரு திருமணம், அலுவலகத் தோழியின் மலாய் விருந்து, சீன உணவகத்தில் ஓர் இரவு விருந்து என்று நான்கு அழைப்பிதழ்கள் வந்து சேர்வது புதிதல்ல. பெட்டியில் இருக்கும் ஒரே சந்தன நிறப் பட்டை நான்குக்கும் கட்டிப் போகலாமா என்ற குழப்பமும் கூடவே வந்துவிடும். மணப்பெண்களுக்குப் புடவை கட்டிவிடும் தொழிலில் இருக்கிறேன். மணப்பெண்கள் இதைக் கேட்பதில்லை. அவர்களுடைய தோழிகளும் அத்தைமார்களும் அண்ணிமார்களும்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: வெளிர் நிறம் உடுத்தலாமா, கூடாதா?

நீங்கள் போகும் அந்த நிகழ்ச்சியில் மணப்பெண் என்ன நிறத்தில் இருக்கப்போகிறாள் என்று முதலில் கேளுங்கள். அவள் வெள்ளையிலோ வெள்ளையை ஒட்டிய நிறத்திலோ இருக்கிறாள் என்றால் நீங்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம். அவள் அரக்குச் சிவப்புக் கூறையில் இருக்கிறாள் என்றால், கரையும் ஜரிகையும் உள்ள வெளிர் பட்டு தாராளமாகக் கட்டலாம். கரையில்லாத வெறும் வெள்ளை மட்டும் நம் வீட்டுத் திருமணம் எதற்கும் ஆகாது. அவசரத்தில் இருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

விருந்தினர் வெள்ளை உடுத்தக்கூடாது என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது?

இணையத்தில் படிக்கும் பெரும்பாலான அறிவுரைகள் மேற்கத்தியத் திருமணத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே மணப்பெண் வெள்ளை கவுனில் வருகிறாள். கூட்டத்தில் இன்னொருத்தியும் வெள்ளையில் நின்றால் கண் தடுமாறும், மணப்பெண்ணுக்கு மனம் சுருங்கும். வழக்கத்தின் அடிப்படை இவ்வளவுதான்.

அந்த வெள்ளை கவுனும் தொன்றுதொட்டு வந்ததல்ல. 1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா மகாராணி இளவரசர் ஆல்பர்ட்டை மணந்தபோது வெள்ளைப் பட்டும் ஹானிட்டன் லேஸும் அணிந்திருந்தார். அதற்கு முன்பும் சிலர் வெள்ளையில் மணந்திருக்கிறார்கள் என்றாலும், அது பரவலான மோகமாக மாறியது அந்தத் திருமணத்துக்குப் பிறகுதான். சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் அதன் பிறகும் நெடுங்காலம் தங்களிடம் இருந்த நல்ல உடையில், எந்த நிறமானாலும், திருமணம் செய்துகொண்டார்கள். இன்னொன்று: விக்டோரியாவின் பின்னால் ஆடையைத் தாங்கி நடந்த பன்னிரண்டு தோழிகளும் வெள்ளையில்தான் இருந்தார்கள். 2011 ஏப்ரல் 29 அன்று லண்டனில் நடந்த அரச குடும்பத் திருமணத்திலும் மணமகளின் தங்கை பிப்பா மிடில்டன் வெண்ணிற உடையில்தான் அக்காவின் பின்னால் வந்தார். மணப்பெண்ணின் சம்மதம் இருந்தால் அங்கேயே தடையில்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தடை, கேட்காமல் உடுத்தி வருகிறவர்களுக்குத்தான்.

நம் மணப்பெண் சிவப்பில் இருக்கிறாள். போட்டி என்ற பேச்சே இல்லை. பிறகு ஏன் பெரியவர்கள் வெள்ளையைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள்?

இங்கே காரணமே வேறு. நம்மவர்கள் வெள்ளையில் போட்டியைப் பார்ப்பதில்லை, துக்கத்தைப் பார்க்கிறார்கள். இறப்பு வீட்டுக்குப் போகும்போது வெள்ளை அல்லது மங்கிய நிறத்தில் போகிறோம். கணவனை இழந்த பெண்களைப் பல தலைமுறைகளாக வெள்ளைக்குள் அடைத்து வைத்திருந்தோம். அந்த நினைவு எண்பது வயதுப் பாட்டியின் கண்ணில் இன்னும் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தின் முன்வரிசையில் ஒரு வெள்ளைப் புடவை உட்கார்ந்திருந்தால் அவருக்கு முதலில் தோன்றுவது 'யாருக்கு என்ன ஆயிற்று' என்பதுதான்.

ஆனால் இதே பெரியவர்கள் வெள்ளையை வேறு இடங்களில் கும்பிடுகிறார்கள். சரசுவதிக்கு வெண்பட்டு, வெண்தாமரை. நெற்றியில் திருநீறு. மாப்பிள்ளைக்கு வெண்பட்டு வேட்டி. வாசலில் அரிசி மாக் கோலம். ஆகவே வெள்ளை அமங்கலம் என்று ஒரே போடாகப் போடுவது சரியல்ல. உற்றுப் பார்த்தால் பெரியவர்களின் கண் தேடுவது கரையை. கரை இருக்கிறதா, அதில் சிவப்போ பச்சையோ மஞ்சளோ ஓடுகிறதா, ஜரிகை இருக்கிறதா, தலையில் பூ இருக்கிறதா, கையில் வளையல் இருக்கிறதா. இவை இருந்தால் உடல் பகுதி பால் நிறமாக இருந்தாலும் அவர்கள் அதைப் பட்டுப்புடவை என்றுதான் சொல்வார்கள். இவை எதுவும் இல்லாமல் வெளிறிய துணி மட்டும் இருந்தால், அது இளம் நீலமாக இருந்தாலும் முகம் மாறும்.

'பாலும் பழமும்' என்று காஞ்சிபுரத்தில் ஒரு கட்டம் நெய்கிறார்கள். வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி வரும் சிறு கட்டம். பாதிப் புடவை வெள்ளைதான். எந்தப் பாட்டியும் அதைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. எங்கே வாங்கினாய் என்றுதான் கேட்பார்கள்.

அப்படியானால் அரைவெள்ளையில் சிவப்புக் கரைப் பட்டு சரிதானே?

சரி. தாலி கட்டும் நேரத்துக்கே சரி. ரவிக்கையைச் சிவப்பிலோ அரக்கிலோ தைத்துக்கொண்டால் இன்னும் நன்று. வெளிர் புடவைக்கு வெளிர் ரவிக்கை போடும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

ஒரே ஒரு விலக்கு. தெலுங்குக் குடும்பத் திருமணம் என்றால் அடுத்த பதிலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

தெலுங்கு, மலையாளி, குஜராத்தி நண்பர்கள் வீட்டில்?

நம் ஊரில் 'இந்தியத் திருமணம்' என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். உடை விஷயத்தில் அது பெரிய தவறில் கொண்டுபோய் விடும்.

தெலுங்குக் குடும்பங்களில் மணமக்கள் இருவருக்கும் மதுபர்க்கம் என்ற உடை உண்டு. வெள்ளை அல்லது அரைவெள்ளை, அதில் சிவப்புக் கரை. மேலே நான் பாராட்டிய அதே புடவை இங்கே மணப்பெண்ணின் புடவை. விருந்தினர் அதைக் கட்டிப் போனால் மேடையில் ஒருத்தி, கீழே ஒருத்தி. குஜராத்தி மணப்பெண்ணின் பானேதரும் அப்படியே: வெள்ளை உடல், சிவப்புக் கரை. இவ்விரண்டு வீடுகளுக்கும் மாம்பழ மஞ்சளோ கிளிப்பச்சையோ மயில்கழுத்தோ கட்டிப் போங்கள்.

மலையாளி வீட்டில் கதை தலைகீழ். கசவுப் புடவை அங்கே மங்கல உடை. விழா என்றாலே அரைவெள்ளையும் பொன் கரையும்தான். மணப்பெண் நிறப்பட்டு உடுத்தினால் விருந்தினர் கசவில் வருவதை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள், மகிழ்வார்கள்கூட. மணப்பெண்ணே கசவில் இருக்கிறாளா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மலையாளிக் கிறிஸ்தவத் திருமணத்தில் மணப்பெண் பெரும்பாலும் அரைவெள்ளையும் பொன்னும் கலந்த புடவையில் இருப்பாள். அங்கே கசவு வேண்டாம்.

எவ்வளவு வெளிறினால் அது 'வெள்ளை' ஆகும்? என் புடவை முத்து நிறம், வெள்ளை இல்லை என்று கடைக்காரர் சொன்னார்.

கடைக்காரர் விற்கவேண்டியவர். தந்தம், முத்து, வெண்ணெய், தேங்காய்ப்பால், ஷாம்பெயின் என்று அவரிடம் ஆயிரம் பெயர்கள் இருக்கும். மண்டபத்தில் பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பெயர் தெரியாது, நிறம்தான் தெரியும்.

வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். அச்சடிக்கப் பயன்படும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் புடவை மடிப்பின்மேல் வையுங்கள். சன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை, இரவில் மஞ்சள் விளக்கின்கீழ் ஒரு முறை, கைபேசியின் பிளாஷ் விளக்கோடு ஒரு முறை படம் எடுங்கள். பிறகு அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். தாள் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று உடனே தெரியவில்லை என்றால் அந்தத் துணி திருமணப் படத்திலும் வெள்ளையாகத்தான் விழும். பிளாஷில் எடுத்த படம்தான் முக்கியம். கண்ணுக்கு இளம் ரோஜாவாகத் தெரியும் ஆர்கன்சாவும் டிஷ்யூ பட்டும் பிளாஷ் பட்டவுடன் வெளுத்துப் போகும், ஏனென்றால் அந்த நெசவு ஒளியைத் திருப்பி அடிக்கிறது. அதே இளம் ரோஜா பருத்தியிலோ மங்கலான கிரேப்பிலோ இருந்தால் ரோஜாவாகவே நிற்கும்.

இதில் இன்னொரு பாதிப்பும் உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. கேமரா தானாக ஒளியைக் கணக்கிடும்போது, படத்தின் பெரும்பகுதி வெள்ளையாக இருந்தால் மொத்தப் படத்தையும் சற்று இருட்டாக்கிவிடும். நம்மில் பலருக்கு மாநிறம் அல்லது கறுப்பு. வெள்ளை உடை பளிச்சென்று விழ, முகங்கள் எல்லாம் நிழலில் அமிழ்ந்துபோகும். குடும்பப் படத்தில் நடுவில் நிற்கும் ஒரு வெள்ளை உடை, பக்கத்தில் நிற்கும் நான்கு பேரின் முகத்தையும் சேர்த்து இருட்டாக்கும். திறமையான புகைப்படக்காரர் இதைச் சரிசெய்துவிடுவார். சித்தப்பா கைபேசியில் எடுக்கும் படத்தில் அது நடக்காது. நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் சித்தப்பா எடுத்த படம்தான்.

மாலை விருந்துக்கு? அங்கே தாலியும் இல்லை, மந்திரமும் இல்லையே.

உண்மையில் இப்போது அதிகம் கவனிக்கவேண்டியது மாலை விருந்தைத்தான். காலையில் கோயிலில் கூறையில் இருந்த பெண் மாலையில் ஓட்டல் மண்டபத்துக்கு லெஹங்காவிலோ நீண்ட கவுனிலோ வருகிறாள். அந்த உடைகளில் வெளிர் நிறங்கள்தான் இன்றைய விருப்பம்: இளம் ரோஜா, புதினாப் பச்சை, இளம் ஊதா, தந்தம். காலையில் தைரியமாகக் கட்டிய உங்கள் வெளிர் பட்டு மாலையில் மணப்பெண்ணின் நிறத்திலேயே போய் மோதும்.

அதனால் காலைக்கு ஒரு கேள்வி, மாலைக்கு ஒரு கேள்வி என்று தனித்தனியாகக் கேளுங்கள். மணப்பெண்ணைத் தொந்தரவு செய்யவேண்டியதில்லை. அவளுடைய அக்காவுக்கோ நெருங்கிய தோழிக்கோ ஒரு குறுஞ்செய்தி போதும். "மாலையில் என்ன நிறம் என்று தெரிந்தால் நாங்கள் தவிர்த்துக்கொள்வோம்" என்று எழுதுங்கள். எந்த மணப்பெண்ணும் இதற்குக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

பதில் வரவில்லை என்றால் அடர் நிறம். நீலம், ஒயின் சிவப்பு, மரகதப் பச்சை இவற்றில் எதுவும் விருந்து விளக்கில் நன்றாகவே இருக்கும்.

தேவாலயத் திருமணத்துக்கு?

இங்கேதான் மேற்கத்திய விதி முழுமையாகப் பொருந்துகிறது. கோலாலம்பூர் செயின்ட் அந்தோனியார் ஆலயத்திலோ பினாங்கு செயின்ட் பிரான்சிஸ் சேவியர் ஆலயத்திலோ நடக்கும் தமிழ்க் கத்தோலிக்கத் திருமணத்தில் மணப்பெண் வெள்ளை கவுனில் வரலாம், வெள்ளைப் பட்டிலும் வரலாம். கவுன் என்றால் நம்மவர்கள் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். வெள்ளைப் புடவை என்றால்தான் கவனம் தவறுகிறது: 'நான் கட்டியது கிரீம், அவளுடையது வெள்ளை' என்ற சமாதானம். ஆலயத்தின் நடுப்பாதையில் அவள் நடந்து வரும்போது ஓரத்து இருக்கையில் கிரீம் பட்டும் முத்து மாலையுமாக ஒருவர் எழுந்து நின்றால் அந்தச் சமாதானம் செல்லாது. தந்தம், கிரீம், வெளிர் பொன், வெள்ளி டிஷ்யூ இவை அனைத்தையும் இந்த ஒரு நாளைக்குப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலர் தாலியும் கட்டுவதால் மாலையில் மணப்பெண் சிவப்புப் பட்டுக்கு மாறிவிடுவதும் உண்டு. வீட்டுக்குப் போய் உடை மாற்ற நேரமில்லாமல் ஒரே உடையில் இரண்டுக்கும் போகிறீர்கள் என்றால், இரண்டில் எது கண்டிப்பானதோ அதை நினைத்து உடுத்துங்கள்.

ஆலயத்துக்குள் தோள் மூடியிருக்கவேண்டும் என்பது பல பங்குகளில் எழுதியே ஒட்டியிருப்பார்கள். நிறத்தைப் பற்றி யோசிப்பவர்கள் கையில்லா ரவிக்கையைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கலாம்.

மலாய்த் தோழியின் திருமணத்துக்குப் போகிறேன்.

இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். நிக்காஹ் ஒப்பந்தத்தின்போது மணமக்கள் பெரும்பாலும் வெள்ளையிலோ மிக வெளிர் நிறத்திலோ இருப்பார்கள். அதற்கு உங்களை அழைத்திருந்தால் நீங்கள் வெள்ளையைத் தவிருங்கள். பெர்சண்டிங் எனப்படும் மேடை வைபவமும் பகல் விருந்தும் என்றால் கட்டுப்பாடு குறைவு. வெளிர் நிற பாஜு குரோங் (நீண்ட சட்டையும் பாவாடையும் சேர்ந்த மலாய் உடை) அணிந்த பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள், உங்களை யாரும் கவனிக்கப்போவதில்லை. இரு குடும்பத்தாரும் ஒரே நிறத்தில் உடுத்தும் வழக்கம் பரவலாக இருப்பதால், தற்செயலாக அதே நிறத்தில் போய்விட்டால் உங்களையும் உறவினர் என்று நினைத்துப் பரிமாற அழைத்துவிடுவார்கள். அதில் கேடு ஒன்றும் இல்லை.

இங்கே கவனம் தேவைப்படும் நிறம் மஞ்சள். அது அரச குடும்பத்தின் நிறம். மணமக்களை அன்று 'ஒரு நாள் ராஜா' என்று கொண்டாடுவதால் அவர்கள் மஞ்சள் சொங்கெட் (ஜரிகை இழையோடும் மலாய் நெசவுத் துணி) அணிவது உண்டு. அரண்மனை சார்ந்த நிகழ்ச்சி என்றால் மஞ்சளைக் கண்டிப்பாகத் தவிருங்கள்.

பினாங்கில் தமிழ் முஸ்லிம் குடும்பத் திருமணம் என்றால் மணப்பெண்ணின் உடை வீட்டுக்கு வீடு மாறும். கேட்டுவிட்டுப் போவதே நல்லது.

சீன நண்பர்களின் விருந்துக்கு?

நம் பாட்டிக்கும் சீனப் பாட்டிக்கும் வெள்ளை விஷயத்தில் கருத்து வேறுபாடே கிடையாது. அவர்களுக்கும் வெள்ளை துக்க நிறம், கறுப்பும் அப்படியே. இறப்பு வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தை வெள்ளை உறையில் வைப்பார்கள். திருமணத்துக்குச் சிவப்பு அங்பாவ், அதாவது சிவப்புப் பண உறை. மணப்பெண்ணோ காலைத் தேநீர் சடங்கில் சிவப்பு, இரவு விருந்தில் வெள்ளை கவுன், நடுவில் இன்னொரு உடை என்று மாற்றிக்கொண்டே இருப்பாள். ஆகவே வெள்ளைக்கு இங்கே இரட்டைத் தடை: ஒன்று துக்கம், மற்றொன்று மணப்பெண்ணின் கவுன். முழுச் சிவப்பையும் அவளுக்கே விட்டுவிடுங்கள். நம் பட்டுப்புடவைகளில் மீதமிருக்கும் எந்த நிறத்தில் போனாலும் வரவேற்பு பலமாக இருக்கும். அங்பாவில் நான்கு வரும் தொகையைத் தவிர்ப்பதும் நினைவிருக்கட்டும், அந்த எண்ணின் ஒலி அவர்களுக்குச் சாவை நினைவூட்டும்.

ஆண்களுக்கு இந்த விதி எதுவும் இல்லையா?

இல்லை, அது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் கோயில் திருமணத்துக்குத் தலைசிறந்த உடை. மாப்பிள்ளை வெண்பட்டில் இருந்தாலும் கழுத்து மாலை அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, தோளில் பட்டு அங்கவஸ்திரம் என்று முழுத் தொகுப்பையும் மாப்பிள்ளையின் தோழர்கள் அணிந்து வந்தால் ஐயர் யாரைக் கூப்பிடுவது என்று திகைப்பார். மாலை விருந்துக்கு வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் அணிந்து போகும் அண்ணன்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை: தண்ணீர் கொண்டுவரச் சொல்வார்கள். முழுக்கை பாத்திக் சட்டை இந்த நாட்டில் முறையான உடை. நிறத்துக்கு நிறமும் ஆயிற்று.

பதிவுத் திருமணத்துக்கு?

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்களுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கோயிலில் தாலி கட்டினாலும் பதிவு கட்டாயம். பல குடும்பங்களில் பதிவு வேறொரு நாளில் நடப்பதால் அது ஒரு தனி நிகழ்ச்சியாகவே வளர்ந்துவிட்டது. அன்று மணப்பெண் வெள்ளையில் இருக்க வாய்ப்பு அதிகம். உடன் போகும் சாட்சிகள் நிறத்தில் போகட்டும். அரசு அலுவலகத்தில் பதிவு என்றால் அங்குள்ள உடைக் கட்டுப்பாட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு மேலே நிற்கும் உடையோடு வாசலில் திருப்பி அனுப்பப்படுவதைவிட நிறத் தவறு எவ்வளவோ மேல்.

அப்பா இறந்தபின் என் அம்மா வெளிர் நிறப் புடவைகள்தான் கட்டுகிறார். என் தங்கையின் திருமணத்துக்கு நிறப் புடவை கட்டச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும் விதிகள் எதுவும் உங்கள் அம்மாவுக்கு இல்லை.

அவருக்கு நிறம் கட்ட ஆசை இருந்து, ஊர் என்ன சொல்லுமோ என்று தயங்குகிறார் என்றால், அடர் பச்சையோ நீலமோ நல்ல கரையோடு வாங்கிக் கொடுத்து, பூவும் வைத்து அழைத்துப் போங்கள். அவருக்கு அந்தச் சந்தன நிறம்தான் மனத்துக்கு இதம் என்றால் அதையே கட்டட்டும், முன்வரிசையில் உட்காரட்டும். வற்புறுத்தும் உறவினர்கள் இரண்டு வகை. 'இன்றைக்காவது நிறம் கட்டு' என்பவர்கள் ஒரு வகை. 'தாம்பாளத்தை நீ தொடாதே' என்பவர்கள் மற்றொரு வகை. சில வீடுகளில் இரண்டையும் ஒரே ஆள் சொல்வார். மகளை வளர்த்து ஆளாக்கியவரைத் தாரை வார்க்கும் நேரத்தில் தூணுக்குப் பின்னால் நிற்கவைத்துவிட்டு, அவர் புடவையின் நிறத்தை மட்டும் மாற்றினால் மங்கலம் வந்துவிடுமா? இதில் முடிவு உங்கள் அம்மாவுக்கும் தங்கைக்கும் உரியது. அவர்கள் எடுத்த முடிவை ஐயரிடமும் மண்டபப் பொறுப்பாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேடையில் வைத்து யாரும் விவாதம் தொடங்கமாட்டார்கள்.

அழைப்பிதழிலேயே 'வெளிர் நிறங்கள்' என்று போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் உடுத்துங்கள், பேச்சே இல்லை. அழைத்தவரின் விருப்பம் எல்லா வழக்கத்துக்கும் மேலானது. தூய வெள்ளையை மட்டும் தவிர்த்துவிட்டு இளம் பச்சை, வெங்காய நிறம், இளம் ஊதா என்று போனால் பாட்டிக்கும் மனம் நிறையும்.

கறுப்பு?

கோயிலுக்கும் தாலி கட்டுக்கும் வேண்டாம். மாலை விருந்துக்கு இளையவர்கள் அணிகிறார்கள். ஜரிகையோ நிறமோ கலந்திருந்தால் இப்போது யாரும் அதிகம் பேசுவதில்லை.

குழந்தைகளுக்கு வெள்ளை கவுன் போடலாமா?

போடலாம். ஐந்து வயதுக் குழந்தையோடு போட்டி போடும் மணப்பெண் இருந்தால் பிரச்சினை உடையில் இல்லை.

வெளிர் பட்டில் மஞ்சள் கறை பட்டால்?

வெளிர் நிறத்தைப் பற்றி யோசிக்க இதுவே தனிக் காரணம். நம் திருமணத்தில் மஞ்சள் படாத இடம் இல்லை. வாசலில் சந்தனம், குங்குமம், பன்னீர். தாலி கட்டும்போது தலைமேல் விழும் மஞ்சள் அரிசி. பிறகு வாழையிலையில் சாம்பார். வெளியில் வண்டி நிறுத்திவிட்டு மண்டபம் வரை நடப்பதற்குள் வியர்த்துவிடும் ஊர் இது. ஈரமான துணியில் மஞ்சள் இன்னும் வேகமாக ஊறும்.

பட்டவுடன் சோப்பைத் தேடி ஓடாதீர்கள். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவந்துவிடும்; மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதே இந்தக் குணத்தை வைத்துத்தான். கழிப்பறைச் சோப்பால் தேய்த்தால் மஞ்சள் புள்ளி செங்காவித் திட்டாகிவிடும். தாளால் ஒற்றி எடுங்கள், தேய்க்கவேண்டாம். குளிர்ந்த நீரை லேசாகத் தொட்டு ஒற்றுங்கள். பருத்தி என்றால் வீட்டில் துவைத்தபின் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வெயில் மஞ்சளை மங்கவைக்கும். பட்டை வெயிலில் போடாதீர்கள், மறுநாளே உலர்சலவைக்குக் கொடுத்து, பட்டது மஞ்சள் என்று சொல்லிக் கொடுங்கள்.

வெளிர் துணியின் மற்றொரு தொல்லை, வெயிலில் நின்றால் ஊடுருவித் தெரிவது. உள்பாவாடை புடவை நிறத்திலேயே இருக்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மெல்லிய வெள்ளைத் துணிக்கு வெள்ளை உள்பாவாடையைவிட உங்கள் தோல் நிறத்தை ஒட்டியதே நன்றாக மறைக்கும்.

யாரோ ஒருவர் முழு வெள்ளையில் வந்திருக்கிறார். நான் அவரிடம் சொல்லவேண்டுமா?

வேண்டாம். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அவசரத்தில் வந்திருக்கலாம், மணப்பெண்ணே சம்மதித்திருக்கலாம், அவர் வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. மணப்பெண் கவனித்து மனம் வாடினால் அவளுடைய அம்மாவோ அக்காவோ பேசட்டும். அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டு 'பார்த்தீர்களா' என்று எழுதுவது, வெள்ளை உடுத்தி வருவதைவிட மோசமான விருந்தோம்பல் குறை.

மண்டபத்துக்கு வந்தபிறகுதான் மணப்பெண்ணும் நானும் ஒரே நிறம் என்று தெரிந்தது. இப்போது?

பதறவேண்டாம். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலோ மஸ்ஜிட் இந்தியாவிலோ பினாங்கு லெபோ பசார் பக்கத்திலோ மண்டபம் என்றால், கடைத்தெரு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நிறமுள்ள சால்வை ஒன்று வாங்கித் தோளில் போர்த்திக்கொள்ளுங்கள். சால்வை இடமிருந்து வலமாக முன்பக்கம் முழுவதும் விழுந்தால் படத்தில் உங்கள் நிறமே மாறிவிடும். கடை இல்லை என்றால் மணப்பெண் வீட்டாரிடம் கேளுங்கள். மணப்பெண் அறையில் எப்போதும் மாற்றுத் துப்பட்டாவோ கூடுதல் புடவையோ இருக்கும், நான் கொண்டுபோகும் பையிலேயே இரண்டு வைத்திருப்பேன். புடவை கட்டியிருப்பவர்கள் முந்தானையை விரித்துவிட்டால் உடலைவிட அடர்ந்த முந்தானை நிறம் முன்னால் வரும். மடித்துக் குத்தியிருந்த ஊசியை எடுத்தாலே போதும். குடும்பப் படத்துக்கு அழைத்தால் இரண்டாம் வரிசையில் நில்லுங்கள், மணப்பெண்ணின் தோளை ஒட்டி மட்டும் நிற்காதீர்கள். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டு அந்த நாளின் நடுவே அதை ஒரு செய்தியாக்கவேண்டாம். வாழ்த்தைச் சொல்லி, உறையைக் கொடுத்து, சாப்பிடப் போங்கள்.